ஒப்புதல் படிவத்தில் "ஏர் எம்பாலிசம்" என்று ஒரு வரி: நுண்துளை நுரையீரல் அறுவைக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கெடிலக்கரையான் | செவ்வாய், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 61 வயது. பல ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து, மருந்தை முறையாகச் சாப்பிட்டுக் குணமடைந்தவர். அந்நோய் வலது நுரையீரலின் மேல் மடலில் விட்டுச்சென்ற குழியில் இப்போது பூஞ்சை உருண்டையாகத் திரண்டிருக்கிறது என்றும், மூன்று மாதங்களாக இருமலில் ரத்தம் வருவதற்கு அதுவே காரணம் என்றும் சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அடுத்த புதன்கிழமை அந்த மடலை நுண்துளை வழியாக எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள்.

ஒப்புதல் படிவத்தில் ரத்தக்கசிவு, நோய்த்தொற்று, திறந்த அறுவைக்கு மாற நேரிடலாம் என்பவற்றுக்குக் கீழே "ஏர் எம்பாலிசம்" என்று ஒரு வரி இருந்தது. விளக்கிய இளம் மருத்துவர் மற்றவற்றை நிதானமாகச் சொன்னார். இதற்கு வந்தபோது, "காற்று ரத்தத்துக்குள் போவது, மிக அபூர்வம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். கடலூருக்குத் திரும்பும் பேருந்தில் கன்னியக்கோயில் தாண்டியதும், "ஊசியில காத்து இருந்தா ஆளே போயிடுவான்னு சொல்லுவாங்களே, அதுவா இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இது எப்படி நிகழ்கிறது, நுண்துளை முறையில்தான் அதிகமா, திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது நான் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஞ்சக்குப்பத்தார் | செவ்வாய், இரவு 10.02

தம்பி, பயமுறுத்த எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். என் அத்தைக்கு நுரையீரலில் ஒரு சிறு கட்டி இருந்தது. ஊரும் மருத்துவமனையும் வேண்டாம். நுண்துளை அறுவைக்கு முன் கட்டி இருக்கும் இடத்தை அடையாளப்படுத்த வேண்டும் என்று சிடி ஸ்கேன் அறையிலேயே மார்பில் ஊசி வழியாக ஒரு கம்பியைச் செருகினார்கள். உள்ளே நடந்து போனவர் வெளியே வரும்போது இடது கையைத் தூக்க முடியவில்லை. முதலில் பக்கவாதம் என்றார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் ஒரு மருத்துவர், மூளைக்குக் காற்றுக் குமிழ் போயிருக்கலாம் என்று எங்களிடம் வாய்திறந்தார். கை பாதிக்குமேல் தேறிவிட்டது; அந்த இரண்டு நாள் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்ததுதான் இன்றும் ஆறவில்லை.

என்னைக் கேட்டால், கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் செய்யும் பழைய திறந்த அறுவையே நல்லது என்பேன். சிறு துளை, சிறு தழும்பு என்பதெல்லாம் சரிதான். உள்ளே காற்றை அடித்து உப்பவைத்துவிட்டு, காற்று ரத்தத்துக்குள் போகலாம் என்று கையெழுத்தும் வாங்கினால் என்ன நியாயம்?

புதுவை மயக்கவியலாள் | செவ்வாய், இரவு 11.35

நான் மயக்கவியல் மருத்துவர்; மார்பறை அறுவைகளில் பல ஆண்டுகளாக நோயாளியின் தலைமாட்டில் நிற்பவள். மஞ்சக்குப்பத்தார் சொன்னது நிகழக்கூடியதே. சிடி வழிகாட்டலில் நுரையீரலுக்குள் ஊசி செலுத்தும்போது இந்தச் சிக்கல் அபூர்வமாக வருகிறது. ஆனால் அது துளையின் அளவைப் பொறுத்த விஷயம் அன்று, அழுத்தத்தைப் பொறுத்த விஷயம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காற்று ரத்தத்துக்குள் நுழைய இரண்டு வேண்டும்: ரத்தக்குழாயில் ஒரு திறப்பு, அந்தத் திறப்புக்கு வெளியே இருக்கும் அழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகமாக இருத்தல். நுரையீரலில் மூச்சுக்குழாயும் சிரையும் மிக அருகருகே ஓடுகின்றன. நுரையீரல் சிரையில் ரத்தத்தின் அழுத்தம் சாதாரணமாக 8 முதல் 12 மி.மீ. பாதரச அளவு. மூச்சுக்கருவி காற்றைத் தள்ளும் அழுத்தத்தைச் செ.மீ. தண்ணீர்க் கணக்கில் சொல்வோம், 20 செ.மீ. தண்ணீர் என்பது பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 15 மி.மீ. ஆகவே ஊசியோ கத்தரியோ மூச்சுக்குழாயையும் சிரையையும் ஒருசேரத் திறந்துவிட்ட இடத்தில் அந்த நுரையீரலுக்குள் கருவி காற்றைத் தள்ளினால், அது சிரைக்குள் போக வழி இருக்கிறது. நோயாளி ரத்தம் இழந்து சிரையின் அழுத்தம் 5க்கு இறங்கியிருந்தால் வழி இன்னும் எளிது.

அப்படிப் போன காற்று எங்கே சேர்கிறது என்பதில்தான் இந்தச் சிக்கலின் கொடுமை இருக்கிறது. உடலின் மற்றச் சிரைகளில் நுழையும் காற்று வலது இதயத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலின் நுண்குழாய்களில் வடிகட்டப்படுகிறது. பெரியவர் ஒருவரின் உயிருக்கு ஆபத்து நேர ஒரே நேரத்தில் 200 முதல் 300 மில்லிலிட்டர் வரை வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தந்தையாருக்குச் சொல்லுங்கள்: சலைன் குழாயில் தெரியும் கடுகளவுக் குமிழ் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நுரையீரல் சிரைக்குள் நுழையும் காற்று நேரே இடது இதயத்துக்குப் போகிறது; வடிகட்ட இடையில் ஒன்றும் இல்லை. அடுத்த துடிப்பில் அது இதயத்தின் சொந்தத் தமனிக்கோ மூளைக்கோ போய்ச் சேரும். இதயத் தமனியில் அரை மில்லிலிட்டர்கூட இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். முதல் வகையைச் சிரைவழி அடைப்பு என்றும் இரண்டாவதைத் தமனிவழி அடைப்பு என்றும் சொல்கிறோம். நுரையீரல் அறுவையில் நாங்கள் அதிகம் அஞ்சுவது இரண்டாவதை.

இன்னொன்று: பெரியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே, கருவில் இருந்த சிறு துளை முழுதாக மூடாமல் கதவுபோல இருக்கிறது. வலப்பக்கத்து அழுத்தம் ஏறினால் அக்கதவு திறந்து, சிரைவழிக் காற்றும் இடப்பக்கம் தாவிவிடும். எனவே இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போன்ற பிரிவு இல்லை.

பண்ருட்டிப் பலாத்தோப்பு | புதன், காலை 6.20

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். நான் விவசாயி. எங்கள் பக்கத்தில் மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டது என்று சொல்வோம். மோட்டார் சுற்றும், சத்தம் வரும், மீட்டர் ஓடும், தண்ணீர் மட்டும் வராது. உறிஞ்சு குழாயில் எங்கோ ஒரு மயிரிழை விரிசலில் காற்று புகுந்து பம்பின் வயிற்றில் உட்கார்ந்திருக்கும். மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி நீர் எடுக்கும். இதயத்துக்கும் இதுவேதானா?

புதுவை மயக்கவியலாள் | புதன், காலை 7.05

ஐயா, சிரைவழி அடைப்பைப் பொறுத்தவரை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. வலது கீழறையில் காற்று தேங்கினால் இதயம் சுருங்கும்போது காற்று நசுங்குகிறது, விரியும்போது காற்றும் விரிகிறது. ரத்தம் முன்னே நகர்வதில்லை. துடிப்பு இருக்கும், ஓட்டம் இராது. தமனிவழி அடைப்புக்கு உங்கள் தோட்டத்திலேயே வேறு உவமை இருக்கிறது: சொட்டுநீர்க் குழாயின் கடைசித் துளையில் மணல் அடைத்த கதை அது. பம்பு நன்றாகவே இருக்கும்; அந்த ஒரு செடி மட்டும் வாடும். அந்தச் செடி மூளையின் ஒரு மூலையாக இருந்துவிட்டால், மஞ்சக்குப்பத்தாரின் அத்தைக்கு நேர்ந்ததுதான் நேரும்.

மார்பறை அறுவையாளர் | புதன், மதியம் 2.40

இந்த இழையைச் சக மருத்துவர் ஒருவர் அனுப்பினார். "உள்ளே காற்றை அடித்து உப்பவைத்துவிட்டு" என்ற வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வயிற்றில் நுண்துளை அறுவை செய்யும்போது கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. அழுத்தத்தில் செலுத்தி வயிற்றை உப்பவைப்பது உண்மை. மார்பறை அப்படி அன்று. விலா எலும்புக் கூடு கூடாரம்போலத் தானே நிற்கிறது. இரட்டைக் குழல் கொண்ட சுவாசக் குழாயைச் செலுத்தி, அறுவை நடக்கும் பக்கத்து நுரையீரலுக்கு மயக்கவியலாளர் காற்றை நிறுத்திவிட்டால் அது துணிபோலச் சுருங்கி எங்களுக்கு இடம் விடுகிறது. ஆகவே வாட்ஸ் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் வீடியோ வழி அறுவையில் (கைபேசிச் செயலிக்கும் இதற்கும் தொடர்பில்லை) பெரும்பாலும் வாயு செலுத்துவதே இல்லை. ரோபோ வழி அறுவையில் வழக்கமாகச் செலுத்துகிறோம். அப்போதும் பொதுவாக 5 முதல் 8 மி.மீ. அழுத்தம்தான். அந்த வாயுவும் அறைக்காற்று அன்று. கரியமில வாயு ரத்தத்தில் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாகக் கரையும். அறைக்காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். அது ஆக்சிஜனைவிடவும் மோசமாகக் கரைவது. சிரையில் ஒரு கிழிசல் ஏற்பட்டால், கரியமில வாயுக் குமிழ் மறைந்துபோக வாய்ப்புண்டு. திறந்த அறுவையில் நுழையும் நைட்ரஜன் குமிழ் உட்கார்ந்துவிடும். திறந்த அறுவைக்கு இந்த ஆபத்து இல்லை என்பது தவறான நம்பிக்கை.

அதற்காக நுண்துளை முறைக்கு வக்காலத்து மட்டும் வாங்கிவிட்டுப் போக மாட்டேன். திறந்த மார்பில் சிரை கிழிந்தால் அடுத்த நொடி என் விரல் அதன்மேல் இருக்கும். துளை வழியாக என்றால் கருவியை மாற்றி, பஞ்சை உள்ளே கொண்டுபோய் அழுத்துவதற்குள் சில நொடிகள் போய்விடும். அந்த நொடிகளில் வாயு உள்ளே போய்க்கொண்டிருந்தால், அதை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும். வாயுக்குழாயைப் பொருத்தும்போதே அதில் தங்கியிருக்கும் அறைக்காற்றை வெளியே ஊதித் தள்ளிவிட்டுத்தான் மார்பில் இணைக்க வேண்டும். சிறு விஷயம், அவசரத்தில் விட்டுப்போவது. சிலர் ரத்தக்கசிவை நிறுத்த ஆர்கான் வாயுவைப் பீய்ச்சும் கருவியைப் பயன்படுத்துவார்கள். ஆர்கான் ரத்தத்தில் எளிதில் கரையாது. மூடிய இடத்தில் அதைப் பயன்படுத்தும்போது மிகுந்த கவனம் வேண்டும்.

எங்கள் வேலையில் ஆபத்து மூன்று நாலு கணங்களில்தான் கூடி நிற்கிறது. கட்டியை அடையாளப்படுத்த ஊசி போகும் கணம் ஒன்று. அது அறுவை அறைக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. மடல் முழுவதையும் எடுக்காமல் ஒரு துண்டத்தை மட்டும் எடுக்கும்போது, எல்லை எங்கே என்று தெரிய அந்தத் துண்டத்துக்குள் காற்றை ஊதிப் பார்ப்பது இன்னொன்று. மூச்சுக்குழலில் நேரடியாக ஊசி குத்திக் காற்றை ஏற்றும் முறையில் தமனிவழி அடைப்பு நேர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இப்போது பலர் சிரைவழியாக இண்டோசயனைன் கிரீன் என்ற சாயத்தை ஏற்றி, அகச்சிவப்புக் கேமராவில் எல்லையைப் பார்த்துக்கொள்கிறார்கள்; காற்றுக்கே வேலை இல்லை. கடைசிக் கணம் எல்லா அறுவையிலும் உண்டு. சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி எங்கே பஞ்சர் என்று பார்ப்பார்களே, அதே வேலையை நாங்கள் மார்பறைக்குள் செய்கிறோம்: உப்புநீரை நிரப்பி, சுருங்கியிருந்த நுரையீரலை மெல்ல ஊதச் சொல்லி, வெட்டிய இடத்தில் குமிழ் வருகிறதா என்று பார்ப்போம். வெட்டுப் பரப்பில் காற்று அழுத்தம் மறுபடி ஏறும் நேரம் அது. அந்த நேரத்தில் நான் "ஊதலாம்" என்று சொல்லாமல் மயக்கவியலாளர் ஊதக் கூடாது. "ஊதுகிறேன்" என்று அவர் சொல்லாமல் நான் கையை வைத்திருக்கக் கூடாது.

கெடிலக்கரையான் அவர்களே, உங்கள் தந்தையின் நிலையில் காற்றைவிட ஒட்டுதல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பழைய காசநோய்க் குழி மார்புச்சுவரோடு பலமாக ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது கசியும். நடுவில் திறந்த அறுவைக்கு மாறினால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வு ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர் | புதன், மாலை 5.15

காசநோய் என்றதும் என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். மருந்துகள் வராத காலத்தில் அவருக்கு மார்பில் ஊசி வைத்துக் காற்றேற்றி நுரையீரலைச் சுருக்கும் சிகிச்சை செய்தார்கள் என்றும், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஊசி வைத்த நிமிடமே வலிப்பு வந்து இறந்தார் என்றும் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவும் இதுதானோ?

மார்பறை அறுவையாளர் | புதன், மாலை 6.30

பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும், ஐயா. அந்தச் சிகிச்சையை இத்தாலியரான ஃபோர்லானினி 1882இல் முன்மொழிந்தார். காசநோய்க்கு மருந்து வரும்வரை உலகெங்கும் செய்தார்கள். ஊசி வைத்தவுடன் சிலர் நினைவிழந்து வலிப்பு கண்டதை நெடுங்காலம் நுரையீரல் உறையின் அதிர்ச்சி என்றே எழுதிவந்தார்கள். ஊசிமுனை நுரையீரல் சிரையில் பட்டுக் காற்று மூளைக்குப் போனதுதான் அவற்றில் பலவற்றுக்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. மார்புக்குள் குழாய்க்கருவி விட்டுப் பார்ப்பதை ஸ்வீடனின் யாக்கோபேயஸ் 1910இல் தொடங்கியதும், பின்னர் அவ்வழியே ஒட்டுதல்களை வெட்டியதும் இதே காசநோயாளிகளுக்காகத்தான். நுண்துளை மார்பறை அறுவையின் கொள்ளுப்பாட்டன் அது.

கடலடி | புதன், இரவு 8.50

நான் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்றுத்தருபவன். மருத்துவம் தெரியாது; ஆனால் மாணவர்களுக்கு முதல் நாளில் நாங்கள் சொல்லும் விதி இதே சிக்கலைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன். உருளையிலிருந்து மூச்சிழுத்த பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வரக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரல் மேலே வரும்போது இரு மடங்காக விரியப் பார்க்கும். ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து அப்படி வந்தால்கூட நுண்ணறைகள் கிழிந்து காற்று ரத்தத்துக்குள் போய்விடலாம். மேலே வந்து முகமூடியைக் கழற்றிய சில நிமிடங்களிலேயே ஆள் சரிந்துவிடுவார். அதற்கான சிகிச்சை உயரழுத்த ஆக்சிஜன் அறை. அறுவையில் இது நேர்ந்தாலும் அதே அறைதானா?

மஞ்சக்குப்பத்தார் | புதன், இரவு 9.30

எல்லாரும் நன்றாக விளக்குகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. காற்று போய்விட்டது என்பதை உள்ளே இருப்பவர்கள் எப்போது அறிவார்கள்? அறிந்தபின் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கட்டிலைச் சாய்ப்பார்கள் என்று எங்கோ படித்தேன். எல்லாம் முடிந்தபின் கட்டிலைச் சாய்த்து என்ன பயன்?

மார்பறை அறுவையாளர் | வியாழன், காலை 7.10

கட்டிலைச் சாய்ப்பதற்குக் காரணம் உண்டு. நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துத் தலையைத் தாழ்த்தினால் வலது கீழறையின் வெளியேறும் வாயிலிலிருந்து காற்று விலகி மேலே மிதக்கும், ரத்தம் கீழ்வழியாகப் போகும் என்று டூரண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1947இல் எழுதினார்கள். ஒரு வேடிக்கை: வலது நுரையீரலில் அறுவை செய்ய நோயாளியை எப்படியும் இடப்பக்கமாகத்தான் படுக்கவைக்கிறோம். கெடிலக்கரையானின் தந்தை தொடக்கத்திலிருந்தே அந்த நிலையில்தான் இருப்பார்; தலைப்பக்கத்தைத் தாழ்த்தினால் போதும்.

புதுவை மயக்கவியலாள் | வியாழன், காலை 8.25

இங்கே மட்டும் அறுவையாளரோடு முரண்படுகிறேன். தலையைத் தாழ்த்துவது சிரைவழி அடைப்புக்குச் சொன்னது. தமனிவழி அடைப்பு என்று சந்தேகம் வந்தால் நான் தலையைத் தாழ்த்த மாட்டேன். காற்றின் மிதப்பைவிட ரத்தத்தின் ஓட்டம் வலியது, தலை தாழ்ந்தாலும் குமிழ் மூளைக்குப் போகவே செய்யும். பாதிக்கப்பட்ட மூளையில் வீக்கத்தைத்தான் அது கூட்டும். மட்டமாகப் படுக்கவைப்பதே இப்போதைய அறிவுரை. நுரையீரல் அறுவையில் நாம் அஞ்சுவது இரண்டாம் வகை என்று சொல்லிவிட்டு முதல் வகைக்குரிய சாய்வை முதலில் சொல்வது சரியாகாது.

எப்போது அறிவோம் என்பதற்கு நேர்மையான பதில்: சில நேரங்களில் உடனே, சில நேரங்களில் தாமதமாக. வெளிமூச்சில் வரும் கரியமில வாயுவை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கோடாகத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வழக்கமாக 35 முதல் 45 மி.மீ. வரை. சிரைவழிக் காற்று நுரையீரல் நுண்குழாய்களை அடைத்தால் அங்கே ரத்தம் வந்து சேராது. ஆகவே அந்தக் கோடு திடீரென்று தாழும். ரத்த அழுத்தமும் கூடவே விழும். தமனிவழியில் அந்தக் கோடு முதலில் அசையாமல்கூட இருக்கலாம். இசிஜி அலை உயர்வதும் அழுத்தம் சரிவதுமே முதல் தடயம். உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் எக்கோ கருவி உள்ளே இருந்தால் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் காற்றுகூடத் தெரியும், ஆனால் எல்லா நுரையீரல் அறுவைக்கும் அதை வைப்பதில்லை. வம்பு எங்கே என்றால், ஒற்றை நுரையீரலில் மூச்சு நடக்கும்போது ஆக்சிஜன் அளவு குறைவது எங்களுக்கு அன்றாடம். அந்த மணி ஒலித்தால் குழாய் நகர்ந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்போம். காற்றை நினைப்பவர் மட்டுமே காற்றைக் கண்டுபிடிப்பார்.

ஒருமுறை, எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை, மேல்மடல் எடுத்து முடிந்து நுரையீரலை ஊதிய நாலாவது மூச்சில் இசிஜி அலை மேலே எழும்பியது. மேல் அழுத்தம் 110இலிருந்து 60க்கு வந்துவிட்டது. "ஊதுவதை நிறுத்திவிட்டேன், மார்பைத் தண்ணீரால் நிரப்புங்கள்" என்று சொன்னேன். அறுவையாளர் ஏன் என்று கேட்கவில்லை. செவிலி கையிலிருந்த உப்புநீர்ப் பாத்திரத்தை அப்படியே துளை வழியாக ஊற்றினார். எக்கோ கருவி அன்று அந்த அறையில் இருந்தது தற்செயல். பால் பொங்குவதற்குமுன் பாத்திரத்தின் விளிம்பில் பொடிப்பொடியாக எழுமே, அப்படி இடது கீழறையில் குமிழ்கள் மினுங்கின. முழு ஆக்சிஜன், அழுத்தத்தை ஏற்றும் மருந்து, மட்டமான படுக்கை. ஏழெட்டு நிமிடத்தில் அலை இறங்கியது. மறுநாள் காலை அவர் இட்லி கேட்டார்.

ஆக, மிச்சம் இருக்கிறது. நுழைவாயிலை மூடுவது, வாயுவையும் அந்தப் பக்கத்து மூச்சையும் நிறுத்துவது, தண்ணீரால் மூழ்கடிப்பது ஆகியவை முதல் நிமிடத்து வேலைகள். முழு ஆக்சிஜன் கொடுத்தால் குமிழிலிருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியே இழுபட்டுக் குமிழ் சுருங்கும். மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். நைட்ரஜனைவிட 30 மடங்குக்குமேல் கரையும் அந்த வாயு குமிழுக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கிவிடும். வலது இதயத்தில் காற்று இருந்தால் கழுத்துச் சிரைக் குழாய் வழியாக உறிஞ்சிப் பார்க்கலாம். பெரும்பாலும் கொஞ்சம்தான் கிடைக்கும்.

கடலடி கேட்டதற்கு: ஆம், அதே அறைதான். 2.8 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் குமிழின் பருமன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால் பலன் அதிகம். ஆனால் அறுவை முடிந்த கையோடு, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரை உள்ளே வைத்துக் கவனிக்கும் வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மார்பறை அறுவையாளர் | வியாழன், காலை 9.00

சாய்வைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். நான் பயின்ற காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சாய்வு என்றுதான் மனப்பாடம் செய்தோம்.

வில்லியனூர்ச் செவிலி | வியாழன், இரவு 10.40

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அறுவை முடிந்த பிறகு நடப்பவற்றைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை.

மார்பிலிருந்து ஒரு குழாய் வந்து, தண்ணீர் உள்ள பாட்டிலில் முடியும். அதில் குமிழ் வந்தால் உறவினர்கள் பதறுகிறார்கள். "ரத்தத்தில் காற்று போகிறது" என்று ஒரு மகன் இரவு இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். அது வெட்டிய நுரையீரலிலிருந்து கசியும் காற்று வெளியே வருவது. வெளியே வருவது நல்லது. அந்தப் பாட்டிலை மார்புக்கு மேலே தூக்காதீர்கள், கேட்காமல் குழாயைக் கவ்வி மூடாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது சென்ட்ரல் லைன் என்று நாங்கள் சொல்லும், கழுத்துச் சிரைக்குள் வைத்திருக்கும் குழாயைப் பற்றி. அதை எடுக்கும்போது நோயாளி உட்கார்ந்திருக்கக் கூடாது. மட்டமாகவோ தலை சற்றுத் தாழ்ந்தோ படுத்திருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தியிருக்கும்போது எடுத்து, உடனே அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போட வேண்டும். உட்கார்ந்து மூச்சை இழுக்கும்போது எடுத்தால் அந்தத் துளை வழியாகக் காற்று உறிஞ்சப்படும். அறுவையைத் தாண்டி வந்தவருக்கு வார்டில் இது நேரக் கூடாது.

கெடிலக்கரையான் | திங்கள், மாலை 6.15

இன்று மருத்துவரைப் பார்த்தேன். உங்கள் பதிவுகளிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். வாயு செலுத்துவீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். நுரையீரலை மறுபடி ஊதும்போது இருவரும் சொல்லிக்கொள்வீர்களா என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். மயக்கவியல் மருத்துவரைக் கூப்பிட்டு, "இவர் உங்களுக்கான கேள்வி கொண்டு வந்திருக்கிறார்" என்றார். அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினார்: மணிக்கட்டுத் தமனியில் குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தம் பார்ப்பார்களாம், எக்கோ கருவி பக்கத்து இதய அறுவை அறையில் இருக்கிறது, வேண்டுமென்றால் தள்ளிக்கொண்டு வருவார்களாம், உயரழுத்த அறை தங்களிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்பா தன் ஊசிக் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டார். சலைன் குழாயைச் சுண்டிக் குமிழைக் காட்டி, "இது நூறு போனாலும் உங்களுக்கு ஒன்னும் ஆகாது" என்றார் அவர். அப்பா இன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மஞ்சக்குப்பத்தார் | திங்கள், இரவு 8.00

அத்தைக்கு இப்படி ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். நல்லபடியாக நடக்கட்டும், தம்பி.

கெடிலக்கரையான் | சனி, காலை 10.30

புதன்கிழமை அறுவை முடிந்தது. ஒட்டுதல் மிக அதிகம் என்று ஒன்றரை மணி நேரத்தில் திறந்த அறுவைக்கு மாறினார்கள், மஞ்சக்குப்பத்தார் சிரிப்பார். மொத்தம் ஐந்து மணி நேரம், இரண்டு யூனிட் ரத்தம். காற்றுச் சிக்கல் ஏதும் இல்லை. கடைசியில் தண்ணீர் நிரப்பி ஊதிப் பார்த்தபோது இரண்டு இடங்களில் கசிந்ததாகவும் தைத்துவிட்டதாகவும் அறுவையாளர் சொன்னார்.

நேற்றுக் கழுத்துக் குழாயை எடுக்க வந்த செவிலி, நான் வாய் திறப்பதற்குள் கட்டிலை மட்டமாக்கி, "ஐயா, மூச்சை விட்டு நிறுத்துங்க" என்றார். பாட்டிலில் இருமும்போது மட்டும் இரண்டொரு குமிழ் வருகிறது. அதை எண்ணிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்பா கேலி செய்கிறார்.

வில்லியனூர்ச் செவிலி | சனி, காலை 11.05

இருமும்போது மட்டும் வந்தால் குறைந்துகொண்டு வருகிறது என்று பொருள். எண்ணுவதை விட்டுவிட்டு அவரை எழுப்பி நடக்கவையுங்கள். பாட்டிலை மட்டும் இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள்.